பேலியகொடையில் இருக்கிறேன்

கப்பலில் எத்தனை மணிக்கு ஏறுவது என்று தீர்மானித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் மழை காரணம், மண் காரணம் என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆனால் மகள் அனுப்பிய அந்தப் பக்கத்தைத் திறந்து, நேரத்தைத் தொட்டுத் தெரிவு செய்தது என் விரல்.

மனைவிக்கு அறுபது வயது நிறைந்ததற்காக, மெல்பர்னில் இருக்கும் எங்கள் மகள் கப்பல் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்திருந்தாள். கொழும்பில் ஏறி, மாலைதீவுப் பக்கம் போய், நான்கு இரவுகள் கழித்து மறுபடியும் கொழும்பில் இறங்குவது. புறப்படும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நெரியாமல் இருக்க, பயணிகள் தங்கள் நேரத்தைத் தாங்களே தெரிவு செய்ய வேண்டும். காலை பதினொரு மணி தொடக்கம் அரை மணிக்கொன்றாகக் கட்டங்கள் இருந்தன. மூன்றரைக்கு வாசலை மூடிவிடுவார்கள். ஐந்து மணிக்குக் கப்பல் நகரும்.

"பதினொண்ணப் போடுங்க" என்றாள் மனைவி. "முதல் ஆளா ஏறிட்டோம்னா, கூட்டம் வர்றதுக்கு முந்தி கப்பல ஒரு சுத்து சுத்திப் பாத்துறலாம்."

அதற்காக முதல் நாளே போய்க் கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொட்டாஞ்சேனையில் தன் சித்தி மகள் வீட்டில் தங்கலாம் என்றும் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னொருவர் வீட்டில் போய்ப் பாய் விரிப்பானேன்? அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடத்தில், என் பழைய மோட்டார் சைக்கிளோடு கட்டுக்கலையிலிருந்து மூன்று நாட்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தவன் நான். அதன் பிறகு வரிசை என்றாலே என் கால் நிற்காது. வங்கியில் நாலு பேர் நின்றால் திரும்பி வந்துவிடுவேன். முதலில் ஏறுகிறவர்கள்தான் வெயிலில் அதிகம் நிற்கிறார்கள் என்றும், அறைகள் இரண்டு மணிக்குப் பிறகுதான் தயாராகும் என்றும் எங்கோ வாசித்திருந்தேன். எனவே இரண்டரை மணி. காலை எட்டரைக்குக் கண்டி வீட்டைவிட்டுப் புறப்பட்டால் நான்கு மணி நேர ஓட்டம், அதற்கு மேல் இரண்டு மணி நேரம் கையிருப்பு. ஒரு தாளில் எழுதி அவளுக்குக் காட்டினேன்.

அவள் தாளைப் பார்க்கவில்லை. "இருபத்தி நாலு வருஷம் ஹேவாஹெட்ட பஸ்ஸ நம்பிப் பொழச்சவ நான். முன்னுக்கே போய் நிக்கிறதுதான் நல்லது" என்றாள்.

அவள் தோட்டப் பாடசாலை ஆசிரியையாக இருந்தவள். விடியுமுன் எழுந்து முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். நான் மாநகர சபையில் தண்ணீர் பில் பகுதியில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞர். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நேரம் தவறுவது என்றால் என்னவென்று எங்கள் இருவரில் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆனால் வீட்டில் பயண நேரங்களைக் குறிப்பது எப்போதும் என் வேலையாக இருந்தது. சிரித்துக்கொண்டே இரண்டரையைத் தொட்டேன்.

முதல் நாள் மாலையே தூறல் பிடித்துக்கொண்டது. காலையிலும் விடவில்லை. எங்களுக்கு எப்போதும் வேன் ஓட்டுகிறவர் அலவத்துகொடைக்காரர், ஐம்பது வயது மனிதர். மகளை முதன்முதலாக விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். சொன்ன நேரத்துக்கு வந்து பெட்டிகள் இரண்டையும் பின்னால் ஏற்றினார். மனைவி மகள் அனுப்பியிருந்த புதுச் சுரிதாரை உடுத்தியிருந்தாள். பேராதனைப் பாலத்தைத் தாண்டும்போது, "கப்பல்ல தோசை குடுப்பானா?" என்று கேட்டாள். வேன்காரர், "நீங்க கேட்டா குடுக்காம ஈப்பானா மிஸ்" என்றார். மூவரும் சிரித்தோம்.

பிலிமத்தலாவையில் வாகனங்கள் ஊர்ந்தன. கடுகண்ணாவை நகரத்துக்குள் நுழைந்ததும் அடியோடு நின்றுவிட்டன. அப்போது மணி ஒன்பதேகால். வேன்காரர் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு, தலையில் போட்டிருந்த துவாயைப் பிழிந்தபடி வந்தார்.

"கீழ ரோட்டுல மண் சரிஞ்சீக்காம் சேர். பெரிய மரமொண்டும் உழுந்தீக்காம். பெக்கோ மெசின் வந்து மண்ண அள்ளினாத்தானாம்."

"எவ்வளவு நேரமாகும்?"

"பெக்கோவே இன்னம் வரல்லியாம்."

திரும்பிக் கண்டிக்குப் போய்க் குருநாகல் வழியாக ஓடலாம் என்றேன். வேன்காரர் பின்னால் கையைக் காட்டினார். எங்களை ஒட்டி ஒரு பஸ், அதன் பின்னால் ஒரு லொறி, அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வாகனங்கள். எதிர்ப்பக்கத்திலும் முந்தப் பார்த்தவர்கள் ஏறி அடைத்துக்கொண்டிருந்தார்கள். வேனைத் திருப்ப ஒரு முழம் இடமில்லை.

குடையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். பாதையில் கல் விழுந்திருக்கிறது, கொழும்பு ரயில்கள் கீழே றம்புக்கனையோடு நிற்கின்றன என்று டிக்கட் கொடுக்கிறவர் சிங்களத்தில் சொன்னார். எப்போது ஓடும் என்று கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார். மழைதான் சொல்ல வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

நனைந்து வேனுக்கு வந்தபோது மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். ஏசவில்லை. 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவளோ ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டி, "தலையத் தொடைங்க" என்றாள்.

கப்பல் கம்பனியின் இலக்கத்துக்கு அழைத்தேன். நெடுநேரம் பாட்டு ஓடியது. கடைசியில் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். இரண்டரை தவறினால் பரவாயில்லை, மூன்றரைக்குள் எப்போது வந்தாலும் ஏற்றிக்கொள்வோம் என்றாள். மூன்றரைக்குப் பிறகு? "மன்னிக்கவும்" என்றாள். மண்சரிவு பற்றி விளக்கத் தொடங்கினேன். அதற்கும் "மன்னிக்கவும்" என்றாள். குரலில் கோபமோ இரக்கமோ இல்லை.

பத்தரை தாண்டியதும் வேன்காரர் ஒரு யோசனை சொன்னார். அவருடைய மச்சான் கடுகண்ணாவையில் மின்வேலை செய்கிறவர். கிராமங்களுக்குள்ளால் மாவனல்லைக்கு இறங்கும் ஒரு குறுகலான பாதை அவருக்குத் தெரியும். வேன் போகாது, மோட்டார் சைக்கிள் போகும். மாவனல்லையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஓடுகிறது. இன்னொரு மோட்டார் சைக்கிள்காரரையும் மச்சான் கூப்பிட்டிருக்கிறாராம்.

மச்சான் வந்தார். நாற்பது வயதிருக்கும், மழைக்கோட்டுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. மற்றவர் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்றார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவே போவோம்" என்றாள் மனைவி. "அந்த ஆளும் வரட்டும்."

"நேரம் போகுது. நீ ஏறு. நான் பின்னாடியே வந்துர்றேன்."

"பெட்டி?"

"அத எப்படியாவது நான் கொண்டாறேன். நீ முதல்ல மாவனல்லைக்குப் போ. அங்க எனக்காகக் காத்துக்கிட்டு நிக்காத. பஸ் வந்தா ஏறிரு. ஹாபர் வாசல்ல சந்திப்போம்."

அவள் என்னையே பார்த்தாள். நான் அவளுடைய பாஸ்போட்டையும், அச்சடித்து வைத்திருந்த ஏறுசீட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள் கைப்பையில் திணித்தேன். ஹெல்மட்டை மாட்டியபோது மூக்குக்கண்ணாடி கோணிக்கொண்டது, நான்தான் சரிசெய்தேன். முழங்கால் வலிக்காரி. வேன்காரர் ஒரு கல்லைப் புரட்டிப் போட, அதில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் இன்னொருவருடைய சைக்கிளில் அவள் ஏறி நான் பார்த்ததில்லை. வளைவில் திரும்பும்போது கையைத் தூக்கிக் காட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் இருக்கைக் கம்பியைப் பிடித்திருந்தாள் போலும், காட்டவில்லை.

பத்து நிமிடம் நாற்பது நிமிடமானது. இரண்டாவது ஆள் வந்ததும் ஏறிக்கொண்டேன். பெட்டிகளை வேனிலேயே விட்டுவிட்டேன். இரண்டு மைல் போயிருப்போம். ஒரு திருப்பத்தில் ஊர்க்காரர்கள் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். மேலே தேயிலைச் சரிவில் நிலம் வெடித்திருக்கிறது, எந்த நேரமும் சரிந்து வரலாம், இனி ஒருவரையும் விடமாட்டோம் என்றார் அங்கே நின்ற பொலிஸ்காரர். பாதையோரத்து வீடுகளிலிருந்து ஆட்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சோற்றுப் பானையைச் சேலைத் தலைப்பால் மூடி, சூட்டோடு தூக்கிப் போனாள். வீட்டை விட்டுப் போகிறவர்கள் நடுவில் நின்று, நான் பொலிஸ்காரரிடம் கப்பல் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கம் வரவில்லை. அவள் இந்த இடத்தைக் கடந்துவிட்டாளா என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. "ஒரு நோனா அம்மா சைக்கிள்ல போனாங்க, முக்கால் மணித்தியாலம் இருக்கும்" என்று சிங்களத்தில் சொன்னார் ஒரு கிழவர்.

மறுபடியும் வேன். மறுபடியும் அதே பஸ்ஸின் பின்பக்கம். மலைக்குள் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு மணி தாண்டி அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"பஸ்ல ஏறிட்டேன். வரக்காப்பொலைகிட்ட போறோம். நீங்க?"

"வந்துகிட்டிருக்கேன்."

"மாவனல்லைய விட்டாச்சா?"

பதில் சொல்வதற்குள் துண்டித்துவிட்டது. துண்டித்ததற்கு நன்றி சொன்னேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அதற்குப் பின் இரண்டு மணி நேரம் நான் செய்தது எதுவுமில்லை. உட்கார்ந்திருந்தேன். எழுந்து நடந்தேன். பெக்கோ வந்துவிட்டது என்றார்கள். அது மண்ணை அள்ள அள்ள மேலிருந்து மறுபடியும் இறங்குகிறது என்றார்கள். வேன்காரர் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு, பேக்கரியில் இரண்டு பணிஸும் தேநீரும் வாங்கி வந்தார். வாயில் வைக்க முடியவில்லை. அவள் போய்ச் சேர்ந்தால் என்ன சொல்வது என்பதே என் யோசனையாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அவள் ஏறமாட்டாள். நனைந்த உடுப்போடு புறக்கோட்டை பஸ் நிலையத்துக்குத் திரும்பி, கண்டி பஸ்ஸில் ஏறி, வழியில் இந்தச் சரிவின் மறுபக்கம் வந்து நிற்பாள். நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், கப்பல் இரண்டு பேருமில்லாமல்.

மூன்று ஐந்துக்கு அழைத்தாள்.

"ஹாபருக்கு வந்துட்டேன். பெரிய ஹோல் ஒண்ணு. எல்லாரும் உள்ள போயிட்டாங்க போல. கொஞ்சப் பேர்தான் நிக்கிறாங்க. நீங்க எங்க?"

வாகனங்களின் ஹோர்ன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொழும்பு நெரிசல் என்று அவள் நினைத்திருக்கக்கூடும்.

"பேலியகொடையில இருக்கேன்" என்றேன். கொழும்புக்குள் நுழையும் பாலத்தை ஒட்டிய ஊர் அது.

"பாலத்துக்குக் கிட்டவா?"

"ஆமா, பாலத்துக்குக் கிட்ட. கால் மணித்தியாலத்துல வந்துருவேன்."

"அப்ப நான் வாசல்ல நிக்கிறேன். சேந்து போவோம்."

"வேணாம். அங்க சாமான் சோதிக்கணும், பாஸ்போட் பாக்கணும், நேரம் எடுக்கும். நீ உள்ள போயிரு. நான் வந்ததும் ஓடி வந்து ஏறிக்கிறேன்."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நான் எப்ப பொய் சொல்லியிருக்கேன்?"

"போன்ல சாச் போகப் போகுது. சரி, நான் போறேன். சீக்கிரமா வாங்க" என்றாள்.

வேன்காரர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். "சேர், இதென்ன இப்பிடிச் செல்லிட்டீங்க?"

"வேற என்ன சொல்ல?"

மூன்றரைக்கு அழைத்துப் பார்த்தேன், அவள் தொலைபேசி வேலை செய்யவில்லை. நாலு மணிக்கும் அப்படித்தான். ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்திருக்கும். எனக்கு முன்னால் நின்ற பஸ் நகர்ந்ததும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஒரு பக்கத்துப் பாதையைத் திறந்துவிட்டிருந்தார்கள். "கொழும்புக்கா சேர், ஊட்டுக்கா?" என்று கேட்டார் வேன்காரர். கொழும்பில் எனக்கு இனி என்ன இருக்கிறது? வீட்டுக்கே திருப்பச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அவள் பெட்டியைத் திறந்தபோதுதான் அடுத்த இடி. பிரஷர் மாத்திரை, சீனி வருத்தத்து மாத்திரை இரண்டும் நான் என் கையாலேயே நாள் வாரியாகப் பிரித்து அடுக்கிய டப்பாவில், பெட்டிக்குள் இருந்தன. மாற்றுடுப்பும் அதற்குள்தான். அவளிடம் இருந்தது ஒரு கைப்பை, ஒரு குடை, உடுத்தியிருந்த ஈரச் சுரிதார்.

மகள் அழைத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அம்மாவத் தனியா ஏத்திட்டீங்களா அப்பா? பொய் சொல்லியா?"

"ஆமா."

அவள் அழுதாள். பிறகு கம்பனிக்கு அழைத்து விசாரித்தாள். அம்மா மூன்று இருபத்தாறுக்கு ஏறியிருக்கிறாள் என்று பதிவில் இருந்தது. மூடுவதற்கு நான்கு நிமிடம் முன்னதாக. மூன்று ஐந்துக்கு என்னோடு பேசியவள் இருபத்தொரு நிமிடம் எங்கே நின்றாள்? அந்தக் கேள்வியோடு அடுத்த நாள் முழுவதும் வீட்டுக்குள் நடந்தேன்.

இரண்டாம் நாள் மாலை, தெரியாத இலக்கத்திலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. முதலில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியின் குரல்: "அண்ணை, பயப்படாதேங்கோ. அக்கா எங்களோடதான் இருக்கிறா. டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போய் மருந்து எடுத்துக் குடுத்திட்டம். உடுப்பும் என்ரதுகளத்தான் போடுறா, ஓம், அளவாத்தான் இருக்கு." பின்னால் காற்றின் இரைச்சல். பிறகு என் மனைவி: "மாத்திரை போட்டேன். சாப்பிட்டேன். வச்சிர்றேன்." அவ்வளவுதான். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். தலைமை ஆசிரியருக்கு அறிக்கை வாசிப்பது போல இருந்தது.

திரும்பி வரும் நாளுக்கு முதல் நாளே ரயிலில் கொழும்புக்குப் போய் ஒரு சிறிய விடுதியில் தங்கினேன். காலை ஆறு மணிக்கே துறைமுக வாசலுக்குப் போய்விட்டேன். பத்தரைக்கு அவள் வந்தாள். பூப்போட்ட, கொஞ்சம் தொளதொளத்த சட்டையும் பாவாடையும். முகம் வெயிலில் கறுத்திருந்தது. பக்கத்தில் அந்த யாழ்ப்பாணப் பெண்ணும் அவள் கணவரும். நான் கும்பிட்டு நன்றி சொன்னேன். "அக்கா நல்ல ஆள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

நாங்கள் இருவரும் நடைபாதையில் நின்றோம்.

"பேலியகொடைன்னு சொன்னீங்களே" என்றாள்.

"ஆமா."

"அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு பொண்ணு வந்து வந்து கூப்பிட்டுச்சு. மூடப் போறோம், மூடப் போறோம்னு. புருஷன் பாலத்துக்குக் கிட்ட வந்துட்டாருன்னு அதுகிட்டச் சொன்னேன். ஏறின பொறகும், ஏணிய எடுக்குற வரைக்கும் ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"உண்மையச் சொன்னா நீ ஏறியிருக்க மாட்டே."

"ஏறியிருக்க மாட்டேன்தான்" என்றாள். கோட்டை நிலையத்துக்கு முச்சக்கரவண்டி பிடித்தோம். கடுகண்ணாவையில் ரயில் மெதுவாக ஏறியபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அது நடந்து ஏழெட்டு மாதமாகிறது. கோபம் என்று சொல்ல முடியாது. சமைக்கிறாள், பேசுகிறாள், என் மாத்திரையை ஞாபகப்படுத்துகிறாள். ஆனால் கப்பலைப் பற்றி என்னிடம் அவளாக ஒன்றும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்களுக்கு அவள் சொல்வதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. ஒரு நாள் காலையில் தோசை கொடுத்தார்களாம். மூன்றாம் நாள் கடல் ஆடியபோது பாதிப் பேர் வாந்தியெடுக்க, இவளுக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லையாம். ஹேவாஹெட்ட வளைவுகளில் பழகிய வயிறு என்று அடுத்த வீட்டு அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். கப்பலின் பின்பக்க மேல்தட்டில் நின்று பார்த்தால், கப்பல் வந்த தடம் வெகுதூரம் வரை வெள்ளையாகத் தெரியுமாம். நான் ஹோலில் கதிரையில் உட்கார்ந்து பேப்பரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். பக்கத்தைப் புரட்டுவதுகூட இல்லை.

போன வாரம் மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். அடுத்த வருடம் மறுபடியும் இரண்டு பேருக்கும் ஒழுங்கு செய்யட்டுமா என்று கேட்டாள். நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

"பாப்போம்" என்றாள் அவள். பிறகு பேரப்பிள்ளைக்குப் புதிதாக முளைத்த பல்லைக் காட்டச் சொன்னாள்.